திரையில் யாரும் இல்லை

விரிவாக்கப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

நம் பிரிவு எப்படித் தொடங்கியது என்று எழுதிக் கொடுக்கும்படி உங்கள் மேலாளர் கேட்டார். தொடக்க விழாப் படங்கள் அலுவலகச் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கின்றன. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். நான் எழுதப்போவது அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு நடந்தது. அதைப் பற்றிச் சுவரில் எதுவும் இல்லை.

ஓய்வு பெற்றபின் ஈசூனில் என் மகன் வீட்டுக்குப் பக்கத்து பிளாக்கில் இருக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. ஆனால் மின்தூக்கியின் கதவு மூடும்போது இன்றும் என் கண் தானாகவே தரையைப் பார்க்கிறது, யாருடைய காலாவது நடுவில் இருக்கிறதா என்று. அந்தப் பழக்கம் இந்த வேலையில் வந்தது.

அப்போது நம் நிறுவனம் உலோகத் தகடுகளை வெட்டி வளைத்து, குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் மின்தூக்கிகளுக்கும் பாகங்கள் செய்துகொண்டிருந்தது. சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் துவாஸில் ஒரு தொழிற்சாலை, நகர மையத்தில் தஞ்சோங் பகாரில் அலுவலகம். அதே பாகங்களைக் குறைந்த விலைக்குச் செய்து தர வெளிநாடுகளில் ஆட்கள் வந்துவிட்டார்கள். பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இனிப் பாகங்களை மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது, உற்பத்தி செய்யும் முறையையே விற்க வேண்டும் என்று எங்கள் நிர்வாக இயக்குநர் மிஸ்டர் டான் முடிவு செய்தார். துவாஸ் இயந்திரங்களை எல்லாம் இணைத்து, தஞ்சோங் பகாரில் ஒரு கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அவற்றைக் கவனிப்பது, இயக்குவது. அது நன்றாக ஓடுவதைக் காட்டி, மற்ற நிறுவனங்களின் ஆலைகளுக்கும் அதே அமைப்பைச் செய்து கொடுப்பது. ஸ்மார்ட் உற்பத்தி என்று நீங்கள் இன்று செய்வதெல்லாம் அந்தத் திட்டத்திலிருந்து வந்ததுதான். அதற்கு என்னைப் பொறுப்பாக வைத்தார்.

மிஸ்டர் டானைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் அல்ல. கணக்குத் துறையிலிருந்து மேலே வந்தவர். துவாஸ் தளத்துக்கு ஆண்டுக்கு ஓரிரு முறைதான் போவார், ஆனால் அந்தத் தளத்தை மூட வேண்டி வந்துவிடுமோ என்ற பயம் அவரை விட்டு நீங்கியதே இல்லை. கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னல் பக்கம் பார்ப்பார். என்ன நினைக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

எல்லாம் ஒரு பெரிய வாடிக்கையாளரைச் சார்ந்திருந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்று மையத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அவர்களுடைய ஆலைகள் அனைத்துக்கும் நாங்கள்தான் என்று பேச்சு.

துவாஸ் தளத்தில் சில கம்பிக் கூண்டுகள் உண்டு. செல் என்பார்கள். ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இயந்திரக் கை. அது தகட்டை எடுத்து பிரஸில் வைக்கும், பிரஸ் இறங்கித் தகட்டை வளைக்கும், கை அதை எடுத்து வெளியே அடுக்கும். கூண்டுக் கதவைத் திறந்தால் உள்ளே எல்லாம் நின்றுவிடும். கதவு மூடியிருந்தால்தான் மறுபடி ஓடும். உள்ளே போகும் ஆளுக்கு அதுதான் காவல்.

நின்றுபோன ஒரு செல்லைத் தஞ்சோங் பகாரிலிருந்தே மறுபடி ஓடவிடும் வசதியை நாங்கள் புதிதாகச் சேர்த்திருந்தோம். வருகிறவர்கள் எல்லாரையும் கவர்ந்தது அதுதான். மையத்தின் பெரிய திரையில் அன்றைக்குச் செல்கள் எத்தனை முறை நின்றன என்பதையும் பெரிய எழுத்தில் காட்டினோம். அந்த எண் குறைவாக இருக்க வேண்டும் என்று தளத்துக்குத் தினமும் சொல்லியனுப்பினோம்.

வாடிக்கையாளர் குழு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. மையத்தில் இருக்கையில் செந்தில் உட்கார்ந்திருந்தார். திருச்சிக்காரர், கெட்டிக்காரப் பொறியாளர், வேலை அனுமதி புதுப்பிக்கும் நேரம் அவருக்கு. அவர் பின்னால் நான். எனக்கு அடுத்து மிஸ்டர் டானும் விருந்தாளிகளும். எந்த இயந்திரத்தையும் தொலைவிலிருந்து ஓடவிடுவதற்கு வாய்மொழியாக உத்தரவு கொடுக்க வேண்டியது நான் என்று விதி வைத்திருந்தோம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது கடைசி செல் நின்றது. திரையில் சிவப்பு. தகடு சிக்கிக்கொண்டதாகச் செய்தி வந்தது. விருந்தாளிகளின் தலைவர், ஒல்லியான மனிதர், முன்னால் நகர்ந்து வந்து பார்த்தார். மிஸ்டர் டான் அவரிடம், "நல்லதாகப் போயிற்று, எப்படிச் சமாளிக்கிறோம் என்று நேரிலேயே பார்க்கலாம்" என்றார். அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

செந்தில் தளத்துக்குத் தகவல் அனுப்பக் கையைக் கொண்டுபோவதற்குள் சிவப்பு மறைந்தது. சிக்கல் இல்லை, கதவு மூடியிருக்கிறது, தயார் என்று வரிசையாகப் பச்சை வந்தது. கேமராவில் கூண்டு காலியாக இருந்தது. இயந்திரக் கை பாதி வளைந்தபடி அசையாமல் நின்றது.

"ரெடி மேடம். குடுத்துடலாமா?" என்றார் செந்தில்.

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. அதற்குப் பிறகுதான் அறிவு வேலை செய்தது. சிக்கிய தகட்டை யாராவது எடுத்தால்தான் போகும். எடுக்க வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். கதவு திறக்கவே இல்லை என்கிறது திரை. அப்படியானால் அந்தத் தகட்டை எடுத்தது யார்?

"இருங்க செந்தில். தளத்தைக் கூப்பிடுங்க."

தளப் பொறுப்பாளர் யூசுப் பாயின் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். ஒல்லியான மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏதாவது பிரச்சினையா?" என்று மரியாதையாகக் கேட்டார். வழக்கமான சரிபார்ப்புதான் என்று மிஸ்டர் டான் சிரித்தார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "எல்லாம் பச்சை. எதற்குக் காத்திருக்கிறாய்? ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

எதற்குக் காத்திருக்கிறேன் என்று அந்த இடத்தில் உரக்கச் சொல்ல முடியாது. எங்கள் திரை பொய் சொல்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் திரையைத்தான் அவர்களுக்கு விற்க வந்திருக்கிறோம்.

செந்திலின் விரல் மவுஸின் மேல் இருந்தது. அவர் காதோரம் சிவந்திருந்தது.

"மேடம், சார் சொல்றாரு."

"நான் சொல்லல செந்தில். கையை எடுங்க."

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிஸ்டர் டான் என்னைப் பார்த்த பார்வையை எழுத விருப்பமில்லை. அந்த அறையில் எல்லாரும் பயந்திருந்தோம். செந்திலுக்கு வேலை அனுமதி, மிஸ்டர் டானுக்குத் துவாஸ். எனக்கு அவர்கள் இருவரின் பயமும் இருந்தது, கூடவே அந்தக் கூண்டும் இருந்தது. யாராவது உள்ளே குனிந்திருந்தால் அந்த இயந்திரக் கை எந்த உயரத்தில் சுழலும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை.

ஒருவழியாக யூசுப் பாய் எடுத்தார். பின்னால் பிரஸ்களின் இரைச்சல்.

"பாய், கடைசி செல்லுல யாராச்சும் இருக்காங்களா?"

"தெரியலையே மேடம், நான் இந்தக் கோடியில இருக்கேன். கேட் மூடியிருக்குன்னு அங்க காட்டுதுல்ல?"

"காட்டுது. நீங்க போய்க் கண்ணால பாருங்க."

அவர் ஒலிபெருக்கியில் அந்த செல்லின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கைப்பேசி வழியாக எங்களுக்கும் கேட்டது. அவருடைய மூச்சும் காலடியும் கேட்டன. விருந்தாளிகளில் ஒருவர் இருமினார். பிறகு, "வந்துட்டேன் மேடம். இங்க யாரும் இல்ல. கேட் சாத்தியிருக்கு. முன்னாலதான் நிக்கிறேன்" என்றார்.

உத்தரவு கொடுத்தேன். இயந்திரக் கை நிமிர்ந்தது, சுழன்றது, தகட்டை எடுத்தது. விருந்தாளிகள் தலையசைத்தார்கள். அதற்குள் அவர்கள் முகத்தில் இருந்த ஆர்வம் வடிந்துவிட்டிருந்தது. அது எனக்கும் தெரிந்தது, மிஸ்டர் டானுக்கும் தெரிந்தது.

அவர்கள் போனபின் அவர் அறைக்குக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"வாடிக்கையாளர் முன்னால் நீ பயந்தாய்."

"ஆமாம்."

"உள்ளே யாரும் இல்லை."

"அந்தத் தகட்டை யார் எடுத்தார்கள்?"

"அதிர்வில் தானாக விழுந்திருக்கும். இயந்திரத்தில் இதெல்லாம் நடக்காதா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அமுதா, இது எனக்காக என்று நினைக்கிறாயா? இந்த ஒப்பந்தம் வராவிட்டால் துவாஸில் எத்தனை குடும்பம் வீட்டுக்குப் போகும் தெரியுமா?"

அவர் சொன்னது உண்மை.

அடுத்த வாரங்களில் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுவது குறைந்தது. வாடிக்கையாளரிடமிருந்து பதில் வரவில்லை. கேமராப் பதிவைத் தனியாக உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்தேன். காலிக் கூண்டு, காலிக் கூண்டு. அதிர்வில் விழுந்திருக்கும் என்று நானும் நம்பத் தொடங்கினேன். இளைஞர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பயப்பட்டது சரியா என்று தெரியாமலே நீங்கள் பல நாள் வாழ வேண்டியிருக்கும். யாரும் வந்து முதுகில் தட்ட மாட்டார்கள். கேலிதான் வரும். மையத்துக்குள் நுழைந்தபோது, "மேடம், ஸ்டார்ட் பண்ணலாமா, இல்ல காத்திருக்கலாமா?" என்று ஒரு பையன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை யூசுப் பாய் கூப்பிட்டார்.

"மேடம், நம்ம ஆளு ஒருத்தர் உங்களைப் பார்க்கணுங்கிறாரு. ஆபிஸ்ல வேணாம். தளத்துலயும் வேணாம்."

"என்ன விஷயம் பாய்?"

"அவரே சொல்லட்டும். அந்த செல்லுகிட்டப் போக மாட்டேங்கிறாரு."

மறுநாள் ஞாயிறு. நம் ஊர்த் தொழிலாளர்கள் கூடும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை இருக்கும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். நடைபாதையிலிருந்து இறங்கித்தான் நடக்க முடிந்தது. சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, மாடியில் இடம். யூசுப் பாய் அங்கே ஒருவரோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், வெளுத்த நீலச் சட்டை. பாண்டியன் என்று பெயர், இனி எழுதலாம் என்று அவரே சொன்னார்; அறந்தாங்கிப் பக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"உட்காருங்க பாண்டியன். சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு மேடம்."

ஆகவில்லை என்று தெரிந்தது. தேநீர் சொன்னேன். அவர் கோப்பையைத் தொடவில்லை. யூசுப் பாய், "சொல்லுப்பா, மேடம் யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க" என்றார். எனக்காக அவர் கொடுத்த அந்த வாக்கு பின்னால் எனக்குப் பெரிய பாரமாயிற்று.

"அன்னிக்கு நான்தான் உள்ள இருந்தேன் மேடம்" என்றார் பாண்டியன்.

கீழே தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கதவு மூடியிருந்ததுன்னு காட்டுச்சே."

அவர் யூசுப் பாயைப் பார்த்தார். யூசுப் பாய்தான் சொன்னார். "கதவுல ஒரு சென்சார் இருக்குல்ல மேடம், அதுமேல சின்ன காந்தம் ஒண்ணை வச்சிட்டா, கதவைத் திறந்தாலும் மூடியிருக்குன்னே காட்டும். எல்லா ஷிப்ட்லயும் வச்சிருக்காங்க. நானும் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் இருந்தேன். ஒவ்வொரு தடவை கதவைத் திறந்தாலும் உங்க திரையில நம்பர் ஏறுதுல்ல? அதுக்குத் தினமும் போன் வருதுல்ல?"

அந்தப் போனைச் செய்தவர்கள் என் பிரிவினர்.

பாண்டியன் மெல்ல மெல்லச் சொன்னார். தகடு சிக்கியதும், பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று உள்ளே போயிருக்கிறார். பிரஸின் பின்பக்கம் போய்க் குந்தி, தகட்டை உருவி எடுத்திருக்கிறார். கேமரா இயந்திரக் கையைப் பார்த்தபடி இருந்தது. கதவும் பிரஸின் பின்பக்கமும் அதில் விழாது. தகட்டை எடுத்தபின்னும் அவர் வெளியே வரவில்லை. ஓரத்தில் இன்னொரு துண்டு மாட்டியிருந்தது. அதையும் எடுத்துவிட்டால் மறுபடி நிற்காது என்று தன் கையைப் பிரஸுக்குள் விட்டிருந்தார்.

"அப்பத்தான் மைக்ல பாய் கூப்பிட்டாங்க. மாட்டிக்கிட்டேன்னு நினைச்சு ஓடி வந்தேன். காந்தத்தை எடுத்துட்டு, கதவைச் சாத்திட்டு, அந்தப் பக்கமா ஒதுங்கிட்டேன். பாய் வந்து பார்த்துட்டு, யாரும் இல்லன்னு போன்ல சொன்னாங்க." அவர் நிறுத்தினார். "அதுக்கப்புறம் மெஷின் கை தானா எழுந்திருச்சு மேடம். சுவிட்ச் பேனல்கிட்ட யாருமே இல்ல. பாயும் எட்டத்தான் நிக்கிறாங்க. யாரு ஆன் பண்ணதுன்னு எனக்குப் புரியவே இல்ல. யாருகிட்டயும் கேட்கவும் முடியல."

"நாங்க பண்ணினோம். தஞ்சோங் பகார்லேருந்து."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கேருந்தா?"

"உங்களுக்குச் சொல்லலையா?"

"பேனல் முன்னால ஆள் நின்னாத்தான் ஓடும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் மேடம். உள்ள போறப்போ, பேனல்ல யாரும் இல்லன்னு பார்த்துட்டுத்தான் போவோம்."

அந்த வசதியைப் பற்றி வங்கிக்கு விளக்கியிருந்தோம். இயக்குநர் குழுவுக்கு, வாடிக்கையாளர்களுக்கு, பத்திரிகைக்காரர்களுக்குக்கூட விளக்கியிருந்தோம். துவாஸ் தளத்தில் நின்று வேலை செய்கிறவர்களை உட்காரவைத்து, உங்கள் இயந்திரத்தை உங்கள் கண்ணில் படாத ஒருவர் ஓடவிட முடியும் என்று யாரும் சொல்லவில்லை. அது ஒருவர் செய்த தவறு அல்ல. எங்கள் திட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

பாண்டியன் கேட்டார், "என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்களா மேடம்? சுவிட்ச்ல பூட்டுப் போடாம உள்ள போனா பர்மிட் கேன்சல்னு போர்டு இருக்கு."

தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன். அனுப்பத்தான் அனுப்புவார்கள்.

அன்று ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போது ஏற்பட்ட பயம் மையத்தில் ஏற்பட்டதைவிட மோசமானது. நான் பயந்தது சரி என்று நிரூபிக்க எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அந்தச் சாட்சியைச் சொன்னால் என் தலை நிமிரும், பாண்டியன் ஊருக்குப் போவார். அதைப் பார்த்தபின் தளத்தில் வேறு யாரும் எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இருந்தால் அந்த செல் நாளைக்கும் ஓடும், காந்தமும் அங்கேயே இருக்கும், செந்தில் மறுபடியும் ரெடி மேடம் என்பார். அடுத்த முறை அங்கே நான் இருப்பேனா என்பதுகூடத் தெரியாது.

திங்கட்கிழமை காலை மிஸ்டர் டானின் அறைக்குப் போனேன்.

"அன்றைக்கு உள்ளே ஆள் இருந்தார்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யார்?"

"பெயர் சொல்ல மாட்டேன்."

"பெயர் இல்லாமல் நான் எதை நம்புவது? உன்னைக் காப்பாற்றிக்கொள்ள நீ சொல்கிற கதை என்று நாளைக்கு இயக்குநர் குழுவில் ஒருவர் சொன்னால்?"

"அவரைத் தண்டிக்க மாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் பெயர் சொல்ல மாட்டேன். என்னோடு துவாஸுக்கு வாருங்கள். செந்திலுக்குச் சொல்ல வேண்டாம்."

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

துவாஸில் யூசுப் பாய் அந்த செல்லுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்தார். சுவிட்சில் பூட்டைப் போட்டுச் சாவியை மிஸ்டர் டானின் கையிலேயே கொடுத்தார். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். நான் காந்தத்தை சென்சார் மேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். "பிரஸின் பின்னால் போய்க் குந்துங்கள்" என்றேன். அவர் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். பளபளப்பான காலணி எண்ணெயில் வழுக்கியது. பிரஸைப் பிடித்துக்கொண்டு குந்தினார். இயந்திரக் கை அவர் தலைக்கு மேல் நின்றது.

வெளியே நின்று மையத்துக்குப் போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டேன். அவருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"செந்தில், கடைசி செல் எப்படி இருக்கிறது?"

"மின்சாரம் இல்லை என்று காட்டுகிறது மேடம். மற்றதெல்லாம் பச்சை." அது அவருடைய வழக்கமான அலுவல் குரல். எங்கோ ஒரு விசைப்பலகை தட்டும் சத்தம். "கதவு மூடியிருக்கிறது."

"கேமராவில் பாருங்கள். உள்ளே யாராவது இருக்கிறார்களா?"

"யாரும் இல்லை மேடம். காலி. மின்சாரம் கொடுத்தால் உடனே ஓடவிடலாம். ஓடவிடட்டுமா?"

மிஸ்டர் டான் எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் சட்டைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிரஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டியனின் கை அன்று இருந்த இடம் அது. யூசுப் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவர் உள்ளிருந்தபடியே, போனுக்குக் கேட்கும்படி சொன்னார். "செந்தில், நான் டான். நான் உள்ளே இருக்கிறேன்."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. சற்றுப் பொறுத்து இணைப்பைத் துண்டித்தேன். செந்தில் அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை என்று மையத்தில் பின்னால் சொன்னார்கள்.

வெளியே வந்த மிஸ்டர் டான் பெயரைக் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. காரில் திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "நான் உன் காதில் சொன்னபோது அவன் உள்ளே இருந்தானா?"

"ஆமாம்."



அந்த வாரமே விதி மாறியது. நீங்கள் முதல் நாள் படித்த விதிதான் அது. மையத்திலிருந்து எந்த இயந்திரத்தையும் நிறுத்தலாம், எதையும் ஓடவிட முடியாது. ஓடவிடுவது தளத்தில், அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கிற ஆளின் கையில். எத்தனை முறை நின்றது என்ற எண்ணைத் திரையிலிருந்து எடுத்தோம். காந்தங்களைக் கொண்டுவந்து போடும்படி ஒரு பெட்டி வைத்தோம், யார் போட்டது என்று கேட்கவில்லை. பெட்டி நிறைந்தது. ஒவ்வொரு காந்தமும் ஒரு பாண்டியன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பொய் சொன்னவளாவேன். மாற்றிய விதியை மிஸ்டர் டான் வாடிக்கையாளருக்குத் தானே விளக்கினார். எல்லாவற்றையும் தொலைவிலிருந்தே ஓடவிடுவதாகச் சொன்ன வேறொரு நிறுவனத்துக்கு அவர்கள் போய்விட்டார்கள். துவாஸில் ஒரு ஷிப்டை நிறுத்த வேண்டி வந்தது. அதில் இருந்த சிலர் ஊர் திரும்பினார்கள். ஒருவர் என்னைத் தளத்து வாசலில் நிறுத்தி, "மேடம், அன்னிக்கு நீங்க பட்டுனு ஸ்டார்ட் பண்ணியிருந்தா எங்க வேலை இருந்திருக்கும்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டார். அவரிடம் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பாண்டியன் கதையை அவரிடம் சொல்ல முடியாது. "இருந்திருக்கலாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இன்னும் அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு உணவுப் பொட்டலம் கட்டும் ஒரு சிறிய நிறுவனம் வந்தது. ஓடவிடும் சாவி தளத்தில் இருக்கும் என்பதற்காகவே வந்ததாக அதன் உரிமையாளர் சொன்னார். அதற்குப் பின் இன்னொன்று. பிரிவு மெதுவாகத்தான் வளர்ந்தது. சுவரில் இருக்கும் தொடக்க விழாப் படங்கள் அந்தச் சிறிய நிறுவனம் வந்தபோது எடுத்தவை.

உங்களில் யாருக்காவது ஒரு நாள் அப்படிச் சொல் வராமல் நிற்கும். சுற்றிலும் எல்லாம் பச்சையாக இருக்கும், பெரியவர்கள் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான், இதில் எதைப் பின்னால் சரிசெய்ய முடியாது என்று. ஒப்பந்தமோ வேலையோ போனால் இன்னொன்றைத் தேடலாம். அதைக்கூட எல்லாருக்கும் தேடித் தர என்னால் முடியவில்லை. ஆனால் தேடலாம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் இருந்தபோது, மையத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பாண்டியன் யூசுப் பாயிடம் சொல்லியனுப்பினார். ஒரு வேலை நாளில் கூட்டிவந்தேன். துவைத்து மடித்த சட்டை, சீவிய தலை. குளிரூட்டிய அறையில் தயங்கித் தயங்கி நடந்தார். செந்தில் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். பாண்டியன் உட்காரவில்லை, நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். செந்தில் கடைசி செல்லைத் திரையில் கொண்டுவந்தார். இப்போது மூன்று கேமராக்கள், பிரஸின் பின்பக்கமும் தெளிவாகத் தெரிந்தது. அங்கே பாண்டியனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர் ஒருவர் குந்தித் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவிட்சில் அவர் மாட்டிய பூட்டுகூடத் தெரிந்தது.

"நம்ம குமார்தான்" என்றார் பாண்டியன்.

"இங்கேருந்து இப்ப எதையும் ஓடவிட முடியாது, அண்ணே. அந்தப் பட்டனையே எடுத்தாச்சு. வேணும்னா தொட்டுப் பாருங்க" என்றார் செந்தில்.

பாண்டியன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டார். குமார் வேலையை முடித்து, எழுந்து, கூண்டை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தும்வரை அப்படியே நின்றார்.